மரை நசுங்கினால் பொறி சாவதில்லை

கர்நாடகத்தின் சன்னபட்டணம், ஆந்திரத்தின் எட்டிகொப்பாக்கா ஆகிய ஊர்களின் மரப்பொம்மைகளைப் போற்றுகிறோம். ஆனால் மரக்கடைசல் தொழிலைத் தாங்கும் பொறியின் பராமரிப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

கட்டையைப் பற்றும் 'சக்' என்னும் பிடிப்பானைத் திருகிப் பூட்டும் லேத்துகளில், சுழல்தண்டின் மரை நசுங்கியதும் தண்டையே மாற்றச் சொல்வோர் உண்டு. பல நேரங்களில் இது வீண்செலவு. மரையின் முதன்மை வேலை பிடிப்பானை இழுத்து இறுக்குவது. அதைக் கோணாமல் நிறுத்துவது மரைக்குப் பின்னுள்ள தோள். தோள் பழுதின்றி இருந்தால், நசுங்கிய ஓரிரு புரிகளை மரை அரத்தால் சீர்செய்யலாம். அளவறியாமல் மரைவெட்டும் டையை ஏற்றலாகாது: 3.5 மி.மீ. புரியிடை கொண்ட 33 மி.மீ. மெட்ரிக் மரை வேறு. அங்குலத்துக்கு 8 புரி கொண்ட 1 அங்குல மரை வேறு. பல புரிகள் உதிர்ந்திருந்தால் மட்டும் தண்டை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் பிடிப்பான் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பகுத்தறிவு ஒரு கைவினைஞரின் பல நாள் கூலியைக் காக்கும். ஆகவே கைவினைப் பயிற்சிகள் பொம்மை கடைவதோடு பொறியைச் செப்பனிடவும் கற்பிக்க வேண்டும். பழுதுபார்க்கும் அறிவும் மரபுதான். அதை இழந்தால் எஞ்சுவது காட்சிப்பொருள் மட்டுமே.