அகல டயர் ஆசையா? கணக்கு போடுங்க பாஸ்!

165/80 ஆர்14. பயந்துடாதீங்க, இது அரியர் பேப்பரோட கோடு இல்லை. பேஸ் மாடல் ஸ்விஃப்ட் டயரோட பக்கவாட்டுல எழுதியிருக்கிற ஜாதகம். 165ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. பக்கச்சுவரோட உயரம் அந்த அகலத்துல 80 சதவிகிதம். ரிம்மோட விட்டம் 14 இன்ச். எல்லாத்தையும் கூட்டினா டயரோட மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620 மி.மீ.

அதே ஸ்விஃப்ட்டோட டாப் மாடலுக்கு 185/65 ஆர்15. கம்பெனியே 20 மி.மீ. அகலம் கூட்டியிருக்கு. விட்டம்? சுமார் 621.5! ரிம்மைப் பெரிசாக்கிட்டு பக்கச்சுவரைக் குறைச்சுட்டாங்க. மேட்டரே இதுதான் மச்சி. அகலம் மாறலாம், விட்டம் மாறக் கூடாது.

எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கினதும், 'சைக்கிள் டயர் மாதிரி இருக்குடா தம்பி'ன்னு கிளம்பிட்டார். 14 இன்ச் ரிம்முக்கே 185/70 இருக்கு, விட்டம் 615. பரவாயில்லை. ஆனா கடையில மலிவாக் கிடைக்குதேன்னு 185/80 போட்டா 652 ஆகிடும். அதாவது 5 சதவிகிதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர்ல பழைய வேகமே தெரியும், வண்டி அதைவிட வேகமாப் போய்க்கிட்டிருக்கும். பிக்கப் குறையும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா ஃபெண்டர்ல உரசவும் சான்ஸ் இருக்கு.

'கிரிப் கூடுமேடா?'ன்னார். காஞ்ச ரோட்டுல, வளைவுல, ஓரளவு கூடும். ஆனா காத்தோட அழுத்தம் அதேன்னா தரையைத் தொடுற பரப்பு பெரிசா மாறாது. நீளவாக்குல இருந்தது அகலவாக்குல மாறும், அவ்ளோதான்.

வில்லங்கம் மழையிலதான். டயர் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தண்ணியை ஒதுக்கித் தள்ளணும். வேகத்துல அதுக்கு நேரம் பத்தலைன்னா டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சிடும். அப்ப ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. நவம்பர் மழையில, அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஈ.சி.ஆர்.ல போறப்ப இது விளையாட்டு சமாசாரம் இல்லை. (ஸ்வீடன் பனி ராலியில உலக சாம்பியன்களே ஒல்லி டயர்லதான் ஓட்டுறாங்க. அவங்களுக்கு கெத்து தெரியாதா என்ன?)

மைலேஜ் குறையறது, ஸ்டியரிங் கனக்கிறது எல்லாம் கூடவே வர்ற இலவச இணைப்பு.

இவ்வளவுக்கும் அப்புறம் ஆசை விடலையா? டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல கம்பெனி சொன்ன அளவு இருக்கும். அதைப் பார்த்துட்டுக் கடைக்குப் போங்க. விட்டத்துல 3 சதவிகிதத்துக்கு மேல வித்தியாசம் வேண்டாம். லோடு இண்டெக்ஸ் குறையவே கூடாது. ரிம்மோட அகலம் தாங்குமான்னும் கேளுங்க. முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துற ஐடியா இருந்தா இப்பவே டிராப் பண்ணிடுங்க.

பழைய டயர்னா பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2315னு இருந்தா அது 2015ம் வருஷத்தோட 23வது வாரம் தயாரானது, கடைக்காரர் 'புதுசு மாதிரி தம்பி'ன்னு எத்தனை தடவை சொன்னாலும்!