அப்பாவின் வாட்ச்சை விடுங்கள், அவர் பேச்சைக் கேளுங்கள்

யாங்கோனில் என் வயசுக்காரர்கள் பலர் கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. சிங்கப்பூரிலோ சிட்னியிலோ இருக்கும் மகனோ மகளோ வாங்கி அனுப்பியது. காலையில் கண்டோஜி ஏரிப் பக்கம் ஓடி முடித்தால், இன்டர்நெட் ஒழுங்காக இருக்கிற நாளில், கணக்கு நேராகப் பிள்ளைகளின் போனுக்குப் போய்விடும். சாயங்காலம் அழைப்பு வரும். "என்னப்பா, போன வாரத்தைவிட கிலோமீட்டருக்கு அரை நிமிஷம் கூட ஆயிடுச்சே?"

பாசத்தில் கேட்பதுதான். ஆனால் மறுநாள் காலை அந்த மனிதர் அந்த அரை நிமிஷத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். எனக்கு 64 வயது, பதினைந்து வருஷமாக ஓடுகிறேன். 1964-இல் கடைகள் அரசுடைமை ஆனபோது ஊர் திரும்பாமல் இங்கேயே நின்றுவிட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் பிள்ளைகளான உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவை வேகமாக ஓடச் சொல்லாதீர்கள்.

ஓடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சுமார் 55,000 பேரை சராசரியாக 15 வருஷம் கவனித்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஓடாதவர்களைவிட ஓடுகிறவர்களுக்கு இதயம், ரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணம் 45 சதவீதம் குறைவு. தினமும் ஐந்து பத்து நிமிஷம் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் இருந்தது. அதற்கு மேல் தூரத்தையும் வேகத்தையும் கூட்டியவர்களுக்கு அந்தப் பலன் பெரிதாக ஏறவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஃபௌஜா சிங்கின் படம் வாட்ஸ்அப்பில் வராத வாரமே இல்லை. 2011-இல் டொராண்டோ மாரத்தானை 100 வயதில் முடித்தவர் என்று போட்டிருப்பார்கள். (பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை, அது வேறு கதை.) அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை மட்டும் யாரும் போடுவதில்லை. எட்டு மணி நேரத்துக்கும் மேல்! மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நம் அம்மாக்கள் மார்க்கெட்டுக்கு நடக்கிற வேகம்தான்.

பயமுறுத்துகிற செய்தியும் அதே வாட்ஸ்அப்பில் வரும். கோபன்ஹேகனில் 2015-இல் வந்த ஆய்வை வைத்து, கடுமையாக ஓடுபவனும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவனும் ஒன்றுதான் என்றார்கள். அதில் கடுமையாக ஓடியவர்கள் மொத்தமே 36 பேர், இறந்தவர்கள் 2 பேர். இதை வைத்து ஓட்டத்தைத் திட்டுவது நியாயமில்லை. அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடி முடித்தவர்கள் 2.9 கோடிக்கும் மேல். அவர்களில் இதயம் திடீரென நின்றுபோனது 176 பேருக்கு. அந்த 176 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்தார்கள். காரணம், பக்கத்திலேயே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர்களும், ஷாக் கொடுக்கும் கருவியும் இருந்தது.

எங்கள் ஏரிக்கரையில் காலை ஐந்தரைக்கு யார் இருக்கிறார்கள்? நாய்களும் நாங்களும். ஷாக் கருவியை நான் எங்கும் பார்த்ததில்லை. 2021-க்குப் பிறகு அரசு மருத்துவமனைகளில் டாக்டர்கள் எவ்வளவு குறைந்துபோனார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அங்கே பிழைக்கிற ஆள் இங்கே பிழைப்பார் என்று சொல்ல முடியாது.

அதோடு நம்மவர் உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க நடந்த ஒரு பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற நடு வயது 53. மற்ற நாட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. சர்க்கரை, பிரஷர், தொப்பை, புகையிலை எல்லாம் நமக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. ஓடினால் அடைப்பு கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஜிம் ஃபிக்ஸை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்கர்களை ஓட வைத்த புத்தகத்தை எழுதியவர். 1984-இல், 52 வயதில், ஓடப் போனவர் அங்கேயே விழுந்து இறந்தார். ரத்தக்குழாய்களில் பெரிய அடைப்பு இருந்தது. அவர் அப்பாவும் 43 வயதில் இதய நோயால் போனவர்தான்.

சரி, வாட்ச் காட்டுகிற நாடித்துடிப்பு? 220-இல் வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்கிறார்கள். எனக்கு 156 வருகிறது. 208-இல் வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கு 163 என்கிறது. இரண்டும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும். பிரஷருக்கு அடினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை போடுகிறவருக்கு இந்தக் கணக்கே செல்லாது. அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. உடம்பு திணறும்போதும் வாட்ச் பச்சை நிறத்தில் "இன்னும் போகலாம்" என்று காட்டும். எங்கள் ஊர் ஏப்ரலில் இதற்கு நேர்மாறு. திஞ்சான் சமயத்து வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு எகிறும். ஓடுகிறவர் சோம்பேறி ஆகவில்லை, தோலைக் குளிர்விக்கவும் இதயம் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த மாதத்தில் நிமிஷம் கூடினால் சந்தோஷப்படுங்கள்.

வாட்ச்சைவிட நல்ல அளவுகோல் வாய்தான். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட வராது. அதுதான் மிதமான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் கடுமையான வேகம். எங்கள் வயதில் வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் பேசுகிற ஓட்டமாக இருந்தால் போதும். டாக்டர் பார்த்து, டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று சொல்லி, சரி என்றால் வாரம் ஒரு நாள் கொஞ்சம் வேகம் வைக்கலாம். கடைசி ரவுண்டில் கூட்டாளியை முந்துகிற அந்தப் பாய்ச்சலை மட்டும் விட்டுவிடலாம். பந்தயங்களிலும் இதயம் நிற்பது பெரும்பாலும் கடைசிக் கால்பங்கு தூரத்தில்தான்.

இனி போனில் வேகம் கேட்காதீர்கள். "நெஞ்சு இறுக்கிச்சா? தாடை, இடது கை வலிச்சுதா? வழக்கமான தூரத்துக்கே மூச்சு வாங்குதா?" என்று கேளுங்கள். "வாயுப்பா, சோடா குடிச்சேன், சரியாயிடுச்சு" என்று பதில் வந்தால் விடாதீர்கள். ஓடும்போது வந்து, நின்றால் போகிற வாயு இதயத்துடையதாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்ற பட்டியல் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

அடுத்த லீவில் வரும்போது இன்னொரு வாட்ச் வேண்டாம். நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் முதலுதவியை அங்கே முறையாகக் கற்றுக்கொண்டு வந்து, ஒரு காலை ஏரிக்கரையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் குழுவில் ஒன்பது பேர். அது தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கும் வயது 71.