ஓ'லியரி பேட்டியில் ஜெயிக்கிறாரா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு விமானத் துறையில் ஓர் உதாரணம் கேட்டால், எல்லாரும் கைகாட்டுவது ஓர் அயர்லாந்துக்காரரை. 1994 முதல் ரையன்ஏர் நிறுவனத்தின் தலைமையில் இருக்கும் மைக்கேல் ஓ'லியரி தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தால், திணறப்போவது பேட்டியாளர்தான் என்பது பரவலான நம்பிக்கை. மற்ற நிறுவனத் தலைவர்கள் வக்கீல் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும்போது இவர் மனதில் பட்டதைப் போட்டு உடைக்கிறார். எந்தக் கேள்விக்கும் அஞ்சுவதில்லை. திட்டு வாங்கினாலும் அதுவே இலவச விளம்பரமாகி டிக்கெட் விற்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து, கடினமான பேட்டியைச் சமாளிக்க இதுதான் வழி என்று மக்கள் தொடர்புத் துறையில் பாடமே எடுக்கிறார்கள். மூன்றும் தவறு என்பது என் வாதம். ஓ'லியரி ஜெயிப்பது பேட்டி நடக்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டுமே. கேட்ட கேள்வி பதிலில்லாமல் அப்படியே கிடக்கும். அதே கேள்வி நழுவ முடியாத இடங்களில் எழுந்தபோது அவர் தோற்றிருக்கிறார், இல்லையென்றால் பின்வாங்கியிருக்கிறார்.

முதலில் அந்த 'வெளிப்படைப் பேச்சை' எடுத்துக்கொள்வோம். 2009 பிப்ரவரியில் பிபிசியின் காலை நிகழ்ச்சியில், விமானக் கழிப்பறைக் கதவில் காசு போடும் துளை வைத்து ஒரு பவுண்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். செய்தி உலகம் சுற்றியது. அந்தக் கட்டணம் வரவே இல்லை. ரசிகர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அது வேடிக்கை, செலவில்லாத விளம்பர உத்தி, அது புரியாதவர்கள்தான் கோபப்பட்டார்கள். இருக்கட்டும். உத்தி என்று ஒப்புக்கொண்டால், மனதில் பட்டதைப் பேசுகிறவர் என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே ஆளுக்குச் சூட்ட முடியாது. என் கணிப்பில் அது உத்திதான், கெட்டிக்காரத்தனமான உத்தி. இல்லாத கட்டணம் ஒன்று தலைப்புச் செய்தியில் உட்கார்ந்துகொண்டது. உண்மையிலேயே வசூலாகிக்கொண்டிருந்த பெட்டிக் கட்டணமும் கார்டு கட்டணமும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டன.

உத்தி எங்கே முடிந்து உண்மை எங்கே தொடங்குகிறது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் மேகம் ஐரோப்பிய வான்வெளியை மூடியது. லட்சக்கணக்கான பயணிகள் ஊர் திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி 261, விமானம் ரத்தானால் மாற்று விமானம் கிடைக்கும்வரை தங்குமிடமும் சாப்பாடும் நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. இயற்கைச் சீற்றத்துக்கு இழப்பீடு கிடையாதே தவிர, இந்தக் கவனிப்பு உண்டு. ஓ'லியரி ஊடகங்களிடம் பட்டென்று சொன்னார்: டிக்கெட்டுக்கு வாங்கிய தொகையைத்தான் தருவோம், முப்பது யூரோ கொடுத்துப் பறக்கிறவருக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஓட்டல் செலவு தர முடியாது. கேட்கிறவர்களுக்கு நியாயமாகப்படும் பேச்சு. மறுநாளே நிறுவனம் விதிப்படி நடப்பதாக அறிவித்துவிட்டது. அத்தோடும் கதை முடியவில்லை. அந்த ஏப்ரல் 17 அன்று போர்ச்சுகலின் ஃபாரோவிலிருந்து டப்ளினுக்குக் கிளம்ப வேண்டிய ஒரு பெண் 24ஆம் தேதிதான் ஊர் வந்து சேர்ந்தார். ஓட்டல், சாப்பாடு, போக்குவரத்துக்கு அவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,130 யூரோ. அவர் வழக்குப் போட்டார். இது அசாதாரணத்திலும் அசாதாரணமான நிகழ்வு, ஆகவே விதி பொருந்தாது என்று ரையன்ஏர் வாதாடியது. அப்படி ஒரு தனி வகை சட்டத்தில் இல்லை, அவசியமான, நியாயமான செலவைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. பேட்டியில் கைதட்டல் வாங்கித் தந்திருக்கக்கூடிய அந்த முப்பது யூரோ வாதத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. விலை குறைவாக விற்றவருக்குச் சட்டம் சலுகை எதுவும் எழுதி வைக்கவில்லை.

எந்தக் கேள்விக்கும் அஞ்சாதவர் என்பது இரண்டாவது கூற்று. பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி 2009இல் ரையன்ஏர் பற்றி ஒரு படம் எடுத்தபோது, நேரலையாகவோ வெட்டாமல் முழுசாகவோ ஒளிபரப்பினால்தான் பேட்டி தருவேன் என்று ஓ'லியரி நிபந்தனை போட்டார். பிபிசி மறுத்தது. முறையான பேட்டி இல்லாமலே அந்த அக்டோபரில் படம் வெளியானது. ஓ'லியரியின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஒரு மணி நேரம் பேசவைத்து, அதில் மாட்டிக்கொள்கிற இருபது நொடியை மட்டும் வெட்டி ஒட்டும் பழக்கம் தொலைக்காட்சியில் உண்டு. அதற்குப் பயப்படுகிறவரைக் கோழை என்று சொல்வது அநியாயம். ஆனால் அவர் கேட்ட நேரலை யாருக்குச் சாதகம் என்பதையும் பார்க்க வேண்டும். நேரலையில் கடிகாரம் பதில் சொல்கிறவர் பக்கம் ஓடுகிறது. பெட்டிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விலையைச் சொல்லலாம், அதிலிருந்து விமான நிலையக் கட்டணத்துக்குத் தாவலாம், பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளை இரண்டு திட்டு திட்டி, பேட்டியாளரையும் ஒரு கிண்டல் செய்து முடிக்கலாம். அதற்குள் நேரம் தீர்ந்துவிடும். ஒரு பதிலை நிறுத்தி, ஆவணத்தோடு ஒப்பிட்டு, பொய் என்றால் பொய் என்று காட்டும் வசதி பதிவு செய்த நிகழ்ச்சிக்குத்தான் இருக்கிறது. தனக்குத் தோதான களத்தை அவர் தேர்ந்தெடுத்தார். அது புத்திசாலித்தனம், அதற்குத் துணிச்சல் என்று பேர் வைக்க வேண்டியதில்லை.

தோதில்லாத களத்தில் என்ன நடந்தது என்பதற்கு டப்ளின் உயர் நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1988இல் ரையன்ஏரின் பத்து லட்சமாவது பயணி என்று ஒரு பெண்ணைக் கேமராக்களுக்கு முன் நிறுத்தி, வாழ்நாள் முழுக்க இலவசப் பயணம் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. 1997இல் அந்தச் சலுகைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அவர் ஓ'லியரியிடமே தொலைபேசியில் கேட்டார். பேச்சு எப்படி நடந்தது என்பதில் இருவரும் நேரெதிராகச் சாட்சி சொன்னார்கள்: அவர் தன்னை விரட்டினார், அதட்டினார் என்றார் பெண், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார் ஓ'லியரி. நீதிபதி பீட்டர் கெல்லி பெண்ணின் சாட்சியத்தையே ஏற்றார். வாக்குறுதிக்கு ஈடாக அவர் எதுவும் தரவில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை என்ற நிறுவன வாதமும் எடுபடவில்லை. விளம்பரத்துக்கு முகம் கொடுத்ததே ஈடு என்று நீதிமன்றம் கண்டது. 67,500 யூரோ தர உத்தரவானது. தொலைக்காட்சியில் கேலியாகக் கடந்துபோகிற அதே குரல்தான். குறுக்கு விசாரணையில் அடுத்த கேள்வியும், அதற்கடுத்த கேள்வியும் வரும். எதிரில் இருப்பவரைக் கிண்டல் செய்து நேரத்தைத் தள்ள முடியாது. 2010இல் இதே நீதிபதி, ரையன்ஏர் அமைச்சருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தன் வார்த்தைகள் திரிக்கப்பட்டிருப்பதாகக் கடிந்துகொண்டார்; ஓ'லியரி நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கும் ஓ'லியரியை ரசிகர்கள் பகிரும் காணொளித் தொகுப்புகளில் தேட வேண்டியதில்லை.

இனி, திட்டு வாங்கினால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. 2012இல் போர்டிங் பாஸை அச்சிட்டு எடுத்து வராத ஒரு குடும்பத்திடம், ஆளுக்கு 60 யூரோ வீதம் ஐந்து பேருக்கு 300 யூரோ வாங்கியது ரையன்ஏர். சர்ச்சை வெடித்தபோது, அப்படி வருகிறவர்களை முட்டாள்கள் என்றார் ஓ'லியரி. வழக்கம்போல ஊடகங்களுக்குக் கொண்டாட்டம். 2013 செப்டம்பரில் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான விச், 100 பெரிய நிறுவனங்களை வைத்து நடத்திய வாடிக்கையாளர் சேவைக் கணக்கெடுப்பில் ரையன்ஏர் கடைசியில் நின்றது. அதே மாதம் லாபம் குறையலாம் என்று எச்சரித்த நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தில், பயணிகளைத் தேவையில்லாமல் எரிச்சலூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று ஓ'லியரியே சொன்னார். சில மாதங்களில், செக்-இன் செய்துவிட்டுப் பாஸை மறந்தவருக்கான கட்டணம் 70 யூரோவிலிருந்து 15 யூரோவாக இறங்கியது. கூடுதலாக ஒரு சிறு கைப்பைக்கு அனுமதி வந்தது. முன்பதிவில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்த 24 மணி நேரம் கிடைத்தது. 2014 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 52.3 கோடி யூரோவாக இருந்த லாபம் அடுத்த ஆண்டு 86.7 கோடியானது. நூற்றுக்கு 83 இருக்கை நிரம்பிய இடத்தில் 88 நிரம்பியது. பயணிகளிடம் நல்லபடியாக நடந்தால் இவ்வளவு வரும் என்று தெரிந்திருந்தால் முன்பே செய்திருப்பேன் என்ற பொருளில் ஓ'லியரி பிறகு பேசியதும் உண்டு. எண்ணெய் விலை விழுந்ததால் வந்த லாபம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆண்டு எரிபொருளில் பெரும்பகுதியை ரையன்ஏர் முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்தது. தவிர, எண்ணெய் விலை விழுந்தால் காலி இருக்கை தானாக நிரம்பாது. பெரிய நகரங்களின் முதன்மை விமான நிலையங்களுக்குப் போனதும், இருக்கை எண் கொடுத்ததும் சேர்ந்துதான் இந்த மாற்றம் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவையும் பயணிகளின் வசதிக்கான காரியங்களே. திட்டு வாங்கிச் சம்பாதித்த பெயரின் பலன் இதில் எங்கும் இல்லை. ரையன்ஏரில் மக்கள் ஏறியது டிக்கெட் மலிவு என்பதால். அந்த வாய் அவர்கள் பொறுத்துக்கொண்ட விலையின் ஒரு பகுதி.

அப்படியானால் வழவழா கொழகொழா அறிக்கைதான் தேவலையா என்று கேட்கலாம். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியை ரத்தக் காயத்தோடு இழுத்துப்போனபோது, தலைவர் ஆஸ்கர் முனோஸ் முதலில் விட்ட அறிக்கை பயணிகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு வருந்தியது. அவமானமாக உணர்ந்ததாக ஏபிசி தொலைக்காட்சியில் சொல்ல மூன்று நாள் ஆனது. அது மோசம்தான். ஆனால் இருப்பது இந்த இரண்டு வழிதான் என்று யார் சொன்னது? 2008 மார்ச்சில் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் திறந்த முதல் நாளே பெட்டிகள் குவிந்து விமானங்கள் ரத்தானபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் வில்லி வால்ஷ் கேமராக்களுக்கு முன் வந்து பொறுப்பு என்னுடையது என்றார். அவரும் அயர்லாந்துக்காரர், அவரும் கடுமையாகப் பேசுகிறவர். யாரையும் திட்டாமல் பேச அது தடையாக இல்லை. இன்னொரு அயர்லாந்துக்காரரான குவான்டாஸின் ஆலன் ஜாய்ஸ் 2022இல் விமான நிலைய வரிசைகளுக்குப் பயணிகளுக்குப் பழக்கம் விட்டுப்போனதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ரத்தான விமானங்களுக்கு டிக்கெட் விற்றதாக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. சில நாட்களில் அவர் பதவியை விட்டுப்போனார். கடைசியில் நிறுவனத்துக்கு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம்.

ஓ'லியரிக்கு ஆதரவாக ஒன்றை நிச்சயம் சொல்லலாம்: ஒளிந்துகொள்ள மாட்டார். 2017 செப்டம்பரில் விமானிகளின் பணி அட்டவணைக் குளறுபடியால் ஏழு லட்சம் பேரின் பயணம் பாதிக்கப்பட்டபோது, செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து தவறு எங்களுடையது என்றார். பாராட்டலாம். ஆனால் மாற்றுப் பயண உரிமைகளைப் பயணிகளிடம் சரியாகச் சொல்லவில்லை என்று அதே மாதம் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் நடவடிக்கையில் இறங்கியது. அதன் பிறகே உரிமைகள் தெளிவாக எழுதப்பட்டன. பங்குதாரர் கூட்டத்தில் விமானிகளின் வேலை அப்படியென்ன கஷ்டம் என்று சவால் விட்டவர், இரண்டு வாரத்தில் அவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். பேட்டியாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அவரிடம் கேட்பதற்கு ஒரு கட்டணமோ ஒரு தீர்ப்போ கையில் வைத்துக்கொண்டு, எத்தனை முறை சிரிக்க வைத்தாலும் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். விமானிகள் அப்படித்தான் விடாமல் நின்றார்கள். தொழிற்சங்கத்தை ஏற்கவே மாட்டோம் என்று முப்பது ஆண்டுக்கு மேல் சொல்லிவந்த ரையன்ஏர், 2017 டிசம்பரில் கிறிஸ்துமஸ் வேலைநிறுத்தம் நெருங்கியபோது முதல் முறையாக விமானிகள் சங்கங்களை அங்கீகரிக்க ஒப்புக்கொண்டது.