முடக்குவாதமும் முதுகெலும்பு ஆபரேஷனும்: ஒரு இழை

1/ ஏற்காடு, மஞ்சக்குட்டை மாதிரி மலை ஊர்கள்ல கை விரல் இறுகினா "குளிருக்குத்தான்"னு விட்டுடறோம். குளிர் வலியைக் கூட்டலாம், ஆனா முடக்குவாதத்தை உண்டாக்காது. காலையில எழுந்ததும் ரெண்டு கை விரல்களும் அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு மேல இறுகியே இருந்தா, அது பார்க்க வேண்டிய நோய்.

2/ இந்த நோய் விரலோட நிக்காது. கழுத்தின் முதல் ரெண்டு எலும்பைப் பிடிச்சிருக்கும் தசைநாரையும் அரிக்கும். எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தினா கை கால் செயலிழக்கலாம். அப்போ ஸ்க்ரூ, ராடு போட்டு எலும்புகளை இணைக்கிற ஃபியூஷன் ஆபரேஷன் தேவைப்படும்.

3/ "ஸ்க்ரூ போட்டா சரியாயிடும்" என்பது பாதி உண்மைதான். முடக்குவாதம் உள்ளவங்களுக்கு எலும்பு மெலிஞ்சிருக்கும், ஸ்க்ரூ தளரலாம். எலும்பு ஒட்டாமலே போகலாம். புண் ஆறத் தாமதமாகும், கிருமித்தொற்று வரலாம். இணைச்ச இடத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள எலும்புகள் சுமை தாங்கி நாளடைவில் தேயலாம்.

4/ என் கருத்து: இந்தச் சிக்கல்கள்ல பல, ஆபரேஷன் தியேட்டருக்கு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. சீட்டு இல்லாம வாங்கிப் போடற ஸ்டீராய்டு மாத்திரை வலியை உடனே அமுக்கும். வருஷக்கணக்கில் போட்டா எலும்பைக் கரைக்கும்.

5/ அதுக்காக ஆபரேஷன் தேதி வந்ததும் ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்திடாதீங்க. உடம்பு தானா சுரக்கறதைக் குறைச்சிருக்கும், ரத்த அழுத்தம் ஆபத்தா இறங்கலாம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான், தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எதைத் தொடரணும், எதை எப்போ நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும்.

6/ எந்த ஆபரேஷனா இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட "எனக்கு முடக்குவாதம் இருக்கு"ன்னு முதல்லயே சொல்லுங்க. குழாய் போடும்போது கழுத்தை எவ்வளவு வளைக்கலாம்னு அவர் எக்ஸ்ரே பார்த்து முடிவு பண்ணணும். பீடி, சிகரெட், புகையிலையை விடுங்க. எலும்பு ஒட்டறதை அது கெடுக்கும்.

7/ நடை தடுமாறுது, கை மரத்துப்போகுது, சட்டைப் பொத்தான் போட முடியல, சிறுநீர் கட்டுப்பாடு போகுதுன்னா காத்திருக்காதீங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினா சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கழுத்தைப் பிடிச்சு நீவி, சொடுக்கு எடுக்க மட்டும் யாரையும் விடாதீங்க.

8/ 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கறாங்க. அதோட ஒரே ஒரு கேள்வி சேர்க்கணும்: "காலையில கை எவ்வளவு நேரம் இறுகியிருக்கு?" செலவே இல்லாத கேள்வி. ஆரம்பத்துலயே சரியான மருந்து கிடைச்சா, பலருக்கு ஸ்க்ரூவே தேவைப்படாது.