மூன்றாம் வாரத்தின் கடைசிக் கணம்

1976 நவம்பர் 13, சனிக்கிழமை மாலை. பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடரில் 'தி டெட்லி அசாசின்' என்ற நான்கு வாரக் கதையின் மூன்றாம் பகுதி முடியப்போகிறது. சதுப்பு நீரில் இருவர் கட்டிப் புரள்கிறார்கள். எதிராளி டாக்டரின் தலையைப் பிடித்து நீருக்குள் அழுத்துகிறான். நீருக்கடியில் டாக்டரின் முகம் தெரிகிறது. படம் அப்படியே உறைந்து நிற்கிறது. பிறகு தொடரின் முடிவிசை. மிச்சக் கதை அடுத்த சனிக்கிழமைதான்.

அந்தக் கணத்தைப் பற்றி அன்று எழுந்த குரல்கள் இன்றளவும் ஓயவில்லை. அவற்றுள் மிகக் கூர்மையானது, நாம் கேலி செய்யப் பழகிவிட்ட ஒருவருடைய குரல் என்பது என் எண்ணம். அவர் மேரி வைட்ஹவுஸ். முன்னாள் பள்ளி ஆசிரியை. 1965இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையாளர், நேயர் சங்கத்தின் முகம். தொலைக்காட்சியின் ஆபாசத்தையும் வன்முறையையும் எதிர்த்துப் பல ஆண்டுகள் கடிதம் எழுதியே அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர். கலைச் சுதந்திரத்தின் பக்கம் நிற்பவர்களுக்கு அவர் பெயரே ஒரு நகைச்சுவை. எனக்கும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது.

முதலில் அந்தப் பகுதி எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். கதை நடப்பது டாக்டரின் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயில். இறந்துபோன கால அதிபர்களின் நினைவுகள் சேர்ந்து உருவான ஒரு மனவெளிக்குள் டாக்டர் தன் மூளையை இணைத்துக்கொண்டு நுழைகிறார். அந்த வெளியின் பெயர் மேட்ரிக்ஸ். (ஆம், அதே பெயர்தான், ஹாலிவுட் படம் வந்தது 23 ஆண்டுகள் கழித்து, 1999இல்.) உள்ளே எல்லாம் கனவின் தர்க்கம். மண்ணுக்கடியில் ஒரு கோமாளி முகம் சிரிக்கிறது. நச்சுவாயு முகமூடி அணிந்த போர்வீரன் தோன்றுகிறான். தண்டவாளத்தில் டாக்டரின் கால் சிக்கிக்கொள்ள ரயில் வருகிறது. வசனம் மிகக் குறைவு. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ், இயக்கியவர் டேவிட் மலோனி, தயாரிப்பாளர் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப். இம்மூவரும் இதைவிடப் பெரிய அரக்கர்களைத் திரையில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு தனிமையைக் காட்டியதில்லை. வழக்கமாக டாக்டருடன் ஒரு தோழி இருப்பாள். பயப்படுவது அவள் வேலை. தைரியம் சொல்வது அவர் வேலை. பார்க்கும் குழந்தை அந்த இருவருக்கும் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இந்தக் கதையில் தோழி இல்லை. சாரா ஜேன் முந்தைய கதையோடு விடைபெற்றுவிட்டாள். அஞ்சுவதும் டாக்டரே, அடிபடுவதும் டாக்டரே.

வைட்ஹவுஸ் எதிர்த்தது எதை? கோமாளியையோ ரயிலையோ அவர் பெரிதாகப் பேசவில்லை. கடைசியில் உறைந்து நின்ற அந்த முகத்தைப் பேசினார். அவர் வாதத்தின் சாரம் இது: நீரில் மூழ்கும் ஒரு மனிதனின் முகத்தைக் காட்டி நிறுத்திவிடுகிறீர்கள். சிறு குழந்தை அந்தப் படத்தோடு ஒரு வாரம் முழுவதும் இருக்க வேண்டும். டாக்டர் பிழைப்பாரா என்பது அடுத்த சனிக்கிழமை வரை அதற்குத் தெரியாது.

இதில் ஒழுக்கப் பிரசாரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது தொடர்கதை என்ற வடிவத்தைப் பற்றிய ஒரு துல்லியமான அவதானிப்பு. பயம் படத்தில் இல்லை, படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலுள்ள ஏழு நாட்களில் இருக்கிறது என்கிறார் அவர். வார இதழில் 'தொடரும்' என்ற சொல்லோடு கதை அறுபட்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். அன்று பெரும்பாலான வீடுகளில் பதிவுக் கருவி கிடையாது. அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்து, 'இவ்வளவுதானே' என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. நினைவில்தான் பார்க்க முடியும். நினைவில் அது நாளுக்கு நாள் வளரும். இதை அந்தக் காட்சியைப் பாராட்டியவர்களைவிட, அதை வெட்டச் சொன்னவர் தெளிவாகக் கண்டிருக்கிறார்.

எதிர்த்தரப்பின் வாதம் ஒப்பிடவே சங்கடமாக இருக்கிறது. இது வெறும் கற்பனை, குழந்தைகளுக்குக் கற்பனை எது நிஜம் எது என்று தெரியும், சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து பார்ப்பது பிரிட்டிஷ் குழந்தைப் பருவத்தின் இன்பங்களில் ஒன்று. எல்லாம் சரி. ஆனால் 'வெறும் கற்பனை' என்று சொல்லி ஒரு படைப்பைக் காப்பாற்றுவது, அதற்கு வலுவில்லை என்று ஒப்புக்கொள்வதல்லவா? இந்த விஷயத்தில் வைட்ஹவுஸ்தான் கலையை நம்பினார். அதனால்தான் அஞ்சினார்.

மூன்றாவதாக ஒரு குரல் உண்டு. அதே 1976இல் தொடங்கப்பட்டிருந்த 'டாக்டர் ஹூ' ரசிகர் சங்கத்தின் தலைவர் இக்கதையைக் கடுமையாகச் சாடி எழுதினார். அவருடைய குறை பயத்தைப் பற்றியதன்று. கால அதிபர்கள் 1969இல் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த தெய்வங்கள் போலத் தோன்றினார்கள். ஹோம்ஸ் அவர்களை மூட்டுவலியும் பதவிச் சண்டையும் உள்ள கிழ அரசியல்வாதிகளாக ஆக்கிவிட்டாராம். தொடரின் மாயமே போய்விட்டதாம். காலம் செய்த வேடிக்கை, பின்வந்த ரசிகர்களுக்கு இந்தக் கதையே வேதமாகிவிட்டது. ஒரு கால அதிபர் 12 முறைதான் உருமாற்றம் பெறலாம் என்ற விதி இங்கிருந்து வந்ததுதான். ஆனால் எனக்கு வியப்பூட்டுவது வேறு. தொடரை உயிராக நேசித்த ஒருவர், மூழ்கும் முகத்தைத் தாண்டிப் போய் வம்சாவளிப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இலக்கிய உலகிலும் இத்தகைய பக்தர்களை நாம் அறிவோம்.

வைட்ஹவுஸின் முடிவு தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. பயத்தின் இருப்பிடத்தைக் கண்டவர், அது அங்கே இருக்கலாகாது என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? ஒரு வாரம் ஒரு கேள்வியைச் சுமப்பது குழந்தைக்கு ஆகாது என்று யார் சொன்னது? பாட்டி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கச் சொன்ன இரவுகளை நாம் எல்லாரும் கடந்துதான் வந்திருக்கிறோம். ஆனால் பிபிசியின் தலைமை இயக்குநர் சார்ல்ஸ் கரன் அவரிடம் வருத்தம் தெரிவித்தார். மூலப் பதிவிலிருந்தே அந்த முடிவு வெட்டப்பட்டது. 1977இல் ஹிஞ்ச்கிளிஃபின் இடத்துக்கு கிரஹாம் வில்லியம்ஸ் வந்தார். வன்முறையைக் குறைக்கும்படி அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. இதற்கெல்லாம் ஒரே ஒரு புகார்க் கடிதம்தான் காரணம் என்பது மிகை. இருந்தாலும் தொடரின் குணம் மாறியது உண்மை. இருட்டு குறைந்து கிண்டல் கூடியது.

வெட்டிய இடத்தைக் கவனியுங்கள். பகுதி நெடுக நீளும் துரத்தலும் வேட்டையும் இருக்க, கத்தரி விழுந்தது கடைசி விநாடிகளில். வைட்ஹவுஸ் சொன்னது சரி என்று அந்தக் கத்தரியும் ஒப்புக்கொண்டது போலத்தான். வெட்டுண்ட துண்டு முற்றாக அழிந்துவிடவில்லை. முதல் ஒளிபரப்பு நேரடியாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு நாடா பிழைத்திருந்தது. பின்னாளில் வந்த வீடியோவிலும் குறுந்தட்டிலும் அதிலிருந்துதான் முடிவை மீண்டும் ஒட்டினார்கள்.

நான் பார்த்தது அந்தக் குறுந்தட்டைத்தான். மூன்றாம் பகுதி முடிந்தது. முகம் சில விநாடிகள் உறைந்து நின்றது. இதற்கா இவ்வளவு கூச்சல் என்று எண்ணிக்கொண்டே கை தானாக அடுத்த பகுதியை அழுத்திவிட்டது. டாக்டர் மூச்சு விட்டு எழுந்தார். 1976இன் குழந்தைகள் ஏழு நாள் பார்த்ததை நான் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒட்டித் தர முடியாத துண்டு அந்த ஏழு நாட்கள்தான்.

சில மாதங்கள் கழித்து, இதை இன்னும் பார்த்திராத நண்பர் ஒருவரிடம் மூன்று பகுதிகளைக் காட்டிவிட்டுத் தட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மிச்சம் அடுத்த சனிக்கிழமை என்றேன். சிரித்தார். புதன்கிழமை இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்து வேறு என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். வைக்கப்போகும் சமயத்தில், "அந்த ஆள் பிழைச்சுடுவார்தானே?" என்று கேட்டார்.