பாரிஸ்டர் எத்திராஜும் மதுரம் அம்மாளும்

சகோதரிகளே, சென்ற இதழில் உயில் எழுதுவதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் பனமரத்துப்பட்டியிலேயே நாலைந்து பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். அரளிப் பூ கட்டிக்கொண்டே பேசினால் பேச்சு எங்கெங்கோ போகும் அல்லவா? ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க அக்கா, கொலை பண்ணினவன்னு தெரிஞ்சும் வக்கீலுங்க அவனுக்காகப் பேசறாங்களே, அது பாவமில்லீங்களா? எம் மக வேற கிரிமினல் வக்கீலாத்தான் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

பாவமா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால், பாரிஸ்டர் வி.எல். எத்திராஜைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கடல் கடந்து போய்ச் சட்டம் படித்துத் திரும்பியவர்களைத்தான் பாரிஸ்டர் என்றார்கள். 1961ல் வந்த சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் எல்லோரும் அட்வகேட்தான். எத்திராஜ் 1890ல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் வெள்ளைக்காரர்களே வகித்து வந்த கிரவுன் பிராசிக்யூட்டர் பதவி, அதாவது அரசாங்கத்தின் பக்கம் நின்று குற்றத்தை நிரூபிக்கிற வேலை, கிடைத்த முதல் இந்தியர் அவர்தான். பிற்பாடு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் வாதாடினார். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர் என்பதால்தான் அவரைச் சொல்கிறேன்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரரை ரிக்ஷாவில் போகும்போது கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் அவர் இறந்து போனார். சினிமாக்காரர்களின் சொந்த விஷயங்களைத் தாறுமாறாக எழுதி வந்தவர் அவர். சதி செய்ததாகப் போலீஸார் யார் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? எம்.கே. தியாகராஜ பாகவதரையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும்! 'ஹரிதாஸ்' படம் ஓடு ஓடென்று ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. 1945ல் உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தோற்றது. அப்போது நமக்குச் சுப்ரீம் கோர்ட் ஏது? லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

அதற்குப் பணம் வேண்டாமா? இங்கேதான் நான் மதுரம் அம்மாளை நினைத்துக்கொள்வேன். கலைவாணரோடு ஜோடியாக நடித்துச் சிரிக்க வைத்த டி.ஏ. மதுரம்தான். புருஷன் ஜெயிலில் இருக்கிறார், ஊரெல்லாம் ஒரே பேச்சு. அந்த அம்மாள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. வழக்குச் செலவுக்கென்றே 'பைத்தியக்காரன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் மதுரம் இரட்டை வேடம்! கடைசியில் பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. அந்த இரண்டாவது விசாரணையில் வாதாடியவர்தான் எத்திராஜ். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். கலைவாணர் வெளியே வந்து அதே படத்தில் நடிக்கவும் செய்தார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "தெரிஞ்சும்" என்கிறோமே, யாருக்குத் தெரியும்? ஜூரிகளும் நீதிபதிகளும் குற்றவாளி என்று சொன்ன அதே மனுஷர்களைத்தான், அதே சாட்சிகளை மறுபடி பார்த்துவிட்டு நிரபராதி என்றார்கள்.

கிரிமினல் வக்கீல் என்றால் சினிமாவில் போல மேஜையைத் தட்டிக் கத்துவது என்று நினைக்கிறோம். வேலையில் பெரும்பகுதி படிப்பதுதான். முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற மாதிரி பார்க்க வேண்டும். இருட்டில் முகத்தைப் பார்த்தேன் என்கிறாரே, அங்கே விளக்கு இருந்ததா? டாக்டர் சொல்கிற காயமும் சாட்சி சொல்கிற ஆயுதமும் பொருந்துகிறதா? குறுக்கு விசாரணைக்கு இப்படி ஒவ்வொன்றாகத் தேடித்தான் கேள்வி தயார் செய்கிறார்கள்.

அப்ரூவர் என்று ஒருவரைச் சொல்வார்கள். குற்றத்தில் தானும் கூட்டு என்று ஒப்புக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பவர். லட்சுமிகாந்தன் வழக்கிலும் அப்படி ஒருவர் இருந்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதை வேண்டுமானாலும் சொல்லக்கூடியவர் என்பதால், அவர் பேச்சை வேறு சாட்சியம் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பார்க்கும். இதை எடுத்துச் சொல்ல எதிர்ப்பக்கத்தில் ஒரு வக்கீல் இல்லாவிட்டால் யார் சொல்வது? எனக்கு இதில் பாவம் எதுவும் தெரியவில்லை. அரசுத் தரப்பை ஒழுங்காக நிரூபிக்க வைப்பதும் ஒரு காவல்தான்.

இன்னொன்றும் உண்டு. கொலை வழக்கிலும் கொள்ளை வழக்கிலும் வாதாடிச் சம்பாதித்ததை எத்திராஜ் என்ன செய்தார்? 1948ல் பெண்களுக்கென்று கல்லூரி ஆரம்பித்தார். சென்னை எழும்பூரில் இருக்கும் எத்திராஜ் கல்லூரி அதுதான். அந்தச் சாலைக்கே இப்போது அவர் பெயர். 1960ல் அவர் காலமானார். பூ கட்டின தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், பெண்ணைப் படிக்க விடு, சேலத்திலேயே சட்டக் கல்லூரி இருக்கிறது என்று. இரவில் ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் அலைய வேண்டியிருக்குமே என்று இழுத்தாள். அலைச்சல் உண்டுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

விடுதலை கிடைத்தாலும் போனது எல்லாம் திரும்பாது. கலைவாணர் எப்படியோ எழுந்து நின்றார். பாகவதருக்குப் பழைய மவுசு வரவேயில்லை, 1959ல் போய்ச் சேர்ந்தார். முதல் விசாரணையிலேயே நல்ல வக்கீல் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மதுரம் அம்மாளைப் போல் நாம் படம் எடுக்க முடியுமா? வேண்டியதில்லை. 1987ம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலிலோ சிறையிலோ இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் உண்டு. கைது செய்தவரை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அப்போதே "எங்களுக்கு வக்கீல் வைக்க வசதியில்லீங்க" என்று வாய் திறந்து சொல்லலாம். சேலத்துக்காரர்கள் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போகும்போது கைதானவர் பெயர், போலீஸ் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், கைதான தேதி, இந்த நாலையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.