நல்ல ஸ்க்ரீனைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்வது யார்?

ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டருக்கு இரண்டாவது ஸ்க்ரீனாக வைத்துக்கொள்ள முடியுமா? ப்ராஜெக்ட் செய்கிற எந்த மாணவனும் ஒரு நாள் கேட்கும் கேள்விதான். ஒரு பக்கம் கோட், இன்னொரு பக்கம் பி.டி.எஃப். ஆல்ட்-டேப் அடித்து அடித்தே விரல் தேய்ந்துவிடும். வீட்டு மூலையில் அண்ணன் காலத்து டெஸ்க்டாப் தூசி படிந்து கிடக்கிறது. அதன் ஸ்க்ரீன் பளிச்சென்றுதான் இருக்கிறது. அப்புறம் என்ன?

மானிட்டர் தனி, சிபியு தனி என்ற பழைய செட்டாக இருந்தால் கவலையே இல்லை. பழைய சிபியுவிலிருந்து மானிட்டர் கேபிளைப் பிடுங்கிப் புது மெஷினில் சொருகினால் கதை முடிந்தது. புது மெஷினில் விஜிஏ இல்லையா? எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய சிபியுவை ஆன் பண்ணவே வேண்டாம்.

வில்லங்கம் ஆல்-இன்-ஒன் மெஷின்களில் இருக்கிறது. ஸ்க்ரீனுக்குப் பின்னாலேயே மொத்தக் கம்ப்யூட்டரையும் அடைத்து, "இடம் அடைக்காது, அழகா இருக்கும்" என்று விற்றார்களே, அவை. பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதே என்று கேபிளைச் சொருகினால் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே வராது. அந்த போர்ட் படத்தை வெளியே அனுப்பத்தான். உள்ளே வாங்க வழி வைக்கவில்லை. மதர்போர்டு போனால் நல்ல ஸ்க்ரீனும் கூடவே உடன்கட்டை ஏற வேண்டியதுதான்!

"அதான் சாஃப்ட்வேர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. ஸ்பேஸ்டெஸ்க், டெஸ்க்ரீன், விண்டோஸ் 10-லேயே வரும் வயர்லெஸ் டிஸ்ப்ளே... எல்லாம் நெட்வொர்க் வழியாகப் படத்தை அனுப்புபவை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 x 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 300 கோடி பிட். 100 எம்பிபிஎஸ் லேனில் இதை அனுப்ப 30 மடங்கு நசுக்க வேண்டும். நசுக்கி, அனுப்பி, அந்தப் பக்கம் பிரிப்பதற்குள் மவுஸ் ஒரு பக்கமும் கர்சர் ஒரு பக்கமும் போகும். பி.டி.எஃப் படிக்க இது போதும். ஆனால் ஒரு படத்தைக் காட்ட இரண்டு கம்ப்யூட்டர் ஓட வேண்டும், கரண்ட் பில்லும் ஏறும். மதர்போர்டே போன மெஷினுக்கு இந்த வழியும் கிடையாது. ஒரு போர்ட் செய்ய வேண்டிய வேலைக்கு இவ்வளவு சர்க்கஸ்.

தொழில்நுட்பம் இல்லாததால் இப்படி என்றால் மன்னித்துவிடலாம். லெனோவோ, எச்பி, டெல் மூவருமே சில ஆல்-இன்-ஒன் மாடல்களில் எச்டிஎம்ஐ-இன் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிள் கதை இன்னும் சுவாரசியம். 2009 கடைசியில் வந்த 27 அங்குல ஐமேக்கில் டார்கெட் டிஸ்ப்ளே மோட் என்ற வசதி இருந்தது. கேபிளைச் சொருகினால் ஐமேக் வெறும் மானிட்டராக மாறிவிடும். 2014-இல் 5கே ஐமேக் வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். 5கே படத்தைச் சுமக்க அன்றைய ஒற்றை கேபிளுக்குத் திராணி இல்லை என்பது அப்போது நியாயமான காரணம். பிறகு தண்டர்போல்ட் 3 வந்து ஒரே கேபிளில் 5கேயைச் சுமந்தது. 2017 ஐமேக்கில் அந்த போர்ட்டே இருந்தது. வசதி மட்டும் திரும்பி வரவில்லை. பழைய ஐமேக்குகளிலும் ஹை சியரா வரைதான் இது வேலை செய்யும். அதற்கு மேல் ஓஎஸ் ஏற்றினால் போச்சு. ஸ்க்ரீன் அதே, போர்ட் அதே, பூட்டு மட்டும் புதுசு.

"செலவு கூடும்" என்பது அடுத்த சாக்கு. கன்ட்ரோலர் போர்டு ஒன்று கூடுதலாக வேண்டும், உண்மைதான். ஆனால் செத்த லேப்டாப்பின் பேனலை மானிட்டராக மாற்றும் போர்டை ரிச்சி தெருவில் சில்லறையில் வாங்க முடிகிறது. லட்சக்கணக்கில் செய்யும் கம்பெனிக்கு அது எவ்வளவு ஆகிவிடும்? "யாரும் கேட்பதில்லை" என்பது இன்னொரு சாக்கு. கேட்கலாம் என்றே வாங்குபவனுக்குத் தெரியாதபோது எப்படிக் கேட்பான்?

இப்போது இது அவசரமான விஷயமும் கூட. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்டெல் 7-ஆம் தலைமுறை மெஷின்களில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. லினக்ஸ் போட்டுப் பிழைக்க வைக்கலாம். எத்தனை வீட்டில் செய்வார்கள்? எல்இடி ஸ்க்ரீனின் பேக்லைட் 30,000 மணி நேரம் தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. தினம் 8 மணி நேரம் ஓடினாலும் 10 வருஷம். ஆயுசு பாக்கி இருக்கும் அத்தனை ஆல்-இன்-ஒன் ஸ்க்ரீன்களும் காயலான் கடைக்குத்தான் போகும்.

மற்ற ஊர்க்காரர்கள் இதை வேடிக்கை பார்க்கலாம். குன்றத்தூர்க்காரர்கள் பார்க்கக் கூடாது. ஷிப்ட் பஸ் ஏறிப் போகிற நம் அண்ணன்களும் அக்காக்களும்தான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இந்த மாதிரிப் பொருட்களை அசெம்பிள் செய்கிறார்கள். டெல் தன் கம்ப்யூட்டர் ஆலையை ஸ்ரீபெரும்புதூரில் 2007-இல் திறந்தது. உலகத்துக்கே மெஷின் பூட்டித் தரும் ஊரில், பூட்டிய மெஷினின் ஸ்க்ரீனைப் பிரித்துப் பயன்படுத்த வழியில்லை என்றால் அது வெட்கக்கேடு. உள்ளே போகும் பேனல் பெரும்பாலும் இறக்குமதி. வெளிநாட்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய பொருளை, பாதி ஆயுசில் குப்பையில் போடுகிறோம்.

சட்டம் என்ன செய்கிறது? 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. நல்லது. ஆனால் ஒன்று குப்பையானதை உருக்குவது பற்றி, மற்றொன்று கெட்டதைச் சரிசெய்வது பற்றி. கெடாமல் இருக்கும் பாகத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும் உரிமையை யார் பேசுவது?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி இல்லை. 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. இவ்வளவு மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? லேப்டாப்போ ஆல்-இன்-ஒன்னோ, ஸ்க்ரீன் உள்ள மெஷினுக்கு அரசு விடும் டெண்டரில் "வெளியிலிருந்து வீடியோ வாங்கும் வசதி வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். காலேஜ் லேப்களும் தங்கள் கொள்முதலில் அதே வரியைச் சேர்க்கலாம்.

அதுவரை, கடையில் ஆல்-இன்-ஒன் வாங்கப் போகிறவர்கள் ரேம் எவ்வளவு, பிராசஸர் என்ன என்பதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "எச்டிஎம்ஐ-இன் இருக்கா?" கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும். பத்து பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். இல்லை என்றால் மானிட்டர் தனியாக, சிபியு தனியாகவே வாங்குங்கள். அழகு கொஞ்சம் குறையும். ஆனால் சிபியு செத்தாலும் ஸ்க்ரீன் உங்களுடையதாகவே இருக்கும்.